மே மாதம் வாங்கிய வீடு, நவம்பரில் மக்கல் வாடை

கேட்டிருப்பது இதுதான்: மடிப்பாக்கத்தில் 12 வருடப் பழைய அடுக்குமாடி. மூன்று மாடியில் இரண்டாவது மாடி ஃபிளாட். மே மாதம் பார்த்தபோது புதுப் பெயிண்ட் வாசனையோடு பளிச்சென்று இருந்தது. ஜூனில் பத்திரம் பதிந்து குடிவந்தாகிவிட்டது. நவம்பர் மழையில் குழந்தை படுக்கும் அறையில் மக்கின வாடை. கப்போர்டில் வைத்த பட்டுப்புடவை, பெல்ட், ஷூ எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி. ஆசாரியைக் கூப்பிட்டு கப்போர்டைப் பெயர்த்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கருப்பு. பெயிண்டர் ஒருவர் வந்து, "கெமிக்கல் வாஷ் பண்ணி டேம்ப் ப்ரூஃப் ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சுது சார், 18,000 ஆகும்" என்கிறார். இது போதுமா, குழந்தைக்கு ஆபத்தா, விற்றவரைப் பிடிக்க முடியுமா?

பெயிண்டருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அவர் சொல்கிற வேலை கடைசியாகச் செய்ய வேண்டியது. அதை முதலில் செய்தால் அடுத்த ஐப்பசியில் அதே சுவரிலோ பக்கத்துச் சுவரிலோ மறுபடி கருப்பு ஏறும். சென்னையில் 26 வருடமாகக் கட்டட ரிப்பேர் வேலை பார்க்கிறேன். பூஞ்சை என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரு தடவை டேம்ப் ப்ரூஃப் அடித்த வீடுகள்தான்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள். அந்த அறையின் துணிமணியை அப்படியே ஹாலுக்கு வாரிக்கொண்டு வராதீர்கள். பால்கனியில் வைத்து உதறி, துவைத்து, நல்ல வெயில் காட்டின பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். பட்டுப்புடவையை மட்டும் நிழலில் காற்றாட விடுங்கள். அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள். உள்ளே சீலிங் ஃபேனும் ஏசியும் ஓட வேண்டாம். முக்கியமாக, வேலைக்கு வருகிற அம்மா நல்லெண்ணத்தில் துடைப்பத்தை எடுத்து அந்தச் சுவரைப் பெருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பூஞ்சையை உலர்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். ஒரு அறைப் பிரச்சினை மூன்று அறைப் பிரச்சினையாகிவிடும்.

கருப்பு நிறத்தைப் பார்த்து நீங்கள் மிரண்டது புரிகிறது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது 'கருப்பு பூஞ்சை' என்ற பேரைக் கேட்ட யாருக்கும் அது வரும். அந்த நோய் வேறு. மியூகார்மைகோசிஸ் என்று அதற்குப் பெயர். கட்டுக்குள் வராத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து இவற்றால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களைப் பிடித்தது. வீட்டுச் சுவரில் கருப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகையறாக்கள். கருப்பாக இருந்தால் விஷம், வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது.

அதற்காகச் சும்மா விடுகிற விஷயமும் இல்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இதற்கென்றே வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு ராத்திரி இருமல், இழுப்பு, விடாத மூக்கடைப்பு இருந்தால் டாக்டரிடம் போகும்போது "வீட்டுச் சுவரில் பூஞ்சை இருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சுவரைச் சுரண்டி லேபுக்கு அனுப்பி என்ன வகை என்று கண்டுபிடிக்கச் செலவு செய்யாதீர்கள். எந்த வகையானாலும் செய்யப்போகிற வேலை ஒன்றுதான்.

சரி, மே மாதம் தெரியாதது நவம்பரில் எப்படித் தெரிந்தது? சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மே மாத வெயிலில் எந்தச் சுவரும் யோக்கியமாகத்தான் இருக்கும். அதன்மேல் பட்டி பார்த்து இரண்டு கோட் எமல்ஷன் அடித்தால் பழைய கறையின் சுவடே தெரியாது. வீடு விற்பதற்கு முன் பெயிண்ட் அடிப்பது குற்றமில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் எங்கே மட்டும் அடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவர்மேல் வழியவிட்டுப் பாருங்கள். எதிரே நின்று அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத பட்டித் திட்டு, உப்பல், மேடுபள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு சுவரில் மட்டும் வால்பேப்பர் அல்லது பிவிசி பேனல், ஒரு இடத்தில் மட்டும் புது ஸ்கர்ட்டிங் டைல்ஸ், கப்போர்டுக் கீலின் கீழ் ஸ்குரூ மட்டும் துருப்பிடித்து மேல் ஸ்குரூ பளபளப்பு என்று இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

வீடு வாங்கியாகிவிட்டது, இனி எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். ஒளிந்திருக்கிற பூஞ்சை ஒரு இடத்தோடு நிற்காது. இதே டார்ச் வேலையை எல்லா அறையிலும் செய்யுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஒரு சீலிங் லைட்டை மட்டும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக செல்போனை நுழைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். ஜிப்சம் பலகையின் இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியிருக்கும். பூஞ்சைக்கு அது நல்ல தீனி. கீழே வெள்ளை வெளேரென்று இருக்கும், மேல்பக்கம் கம்பளி போர்த்தியது போல இருக்கும். கிச்சன் சிங்க்குக்குக் கீழே உள்ள கப்போர்டின் பின்பலகை, லாஃப்டின் மூலை, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால், இந்த இடங்களையும் விடாதீர்கள்.

இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. இதுதான் வேலையில் முக்கால் பங்கு. சுவரும் தூசும் பெயிண்டும் எப்போதும் அங்கேதான் இருக்கின்றன. ஈரம் வந்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். ஈரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான தகவல் இல்லை: அந்தக் கப்போர்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பாத்ரூமா, வெளிச்சுவரா, பக்கத்து ஃபிளாட்டா? அப்புறம், கருப்பு எந்த உயரத்தில் இருக்கிறது?

உயரம் நிறையச் சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் நின்றுவிட்டால் உங்கள் வீட்டு பாத்ரூம்தான் முதல் சந்தேகம். சீலிங்கிலிருந்து கீழே இறங்கியிருந்தால் மேல்வீட்டு பாத்ரூம். ஜன்னல் மூலையில் ஆரம்பித்தாலோ, பீமும் செங்கல் சுவரும் சேருகிற கோட்டில் படுக்கை வசமாக ஓடினாலோ வெளிச்சுவர். சுவர் முழுக்க ஒரே சீராக, அடர்த்தி மாறாமல் பொட்டுப் பொட்டாக இருந்தால் அது கசிவே இல்லாமல்கூட இருக்கலாம். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன், அதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

நம்மூர் அடுக்குமாடி பாத்ரூம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். பாத்ரூம் இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்லாபை ஒரு அடி போலக் கீழே இறக்கிப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்று பெயர். அந்தத் தொட்டிக்குள் கழிவுநீர்ப் பைப்புகளை ஓட்டி, மேலே செங்கல் ஜல்லியையோ கட்டட இடிபாட்டையோ நிரப்பி, அதன்மேல் டைல்ஸ். 12 வருடத்தில் டைல்ஸ் இடுக்கில் உள்ள வெள்ளைச் சிமெண்ட் தேய்ந்துபோகும். தரையில் தண்ணீர் வடிகிற சல்லடைக் குழி, அதாவது நஹானி டிராப், அதைச் சுற்றி ஒரு மயிரிழைப் பிளவு வரும். தினம் குளிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அந்தத் தொட்டிக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் நிரப்பின ஜல்லியில் ஊறி நிற்கும். பிறகு எந்தப் பக்கம் சுவர் உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஏறும். பாத்ரூம் பக்கம் டைல்ஸ் மூடியிருப்பதால் அது பெட்ரூம் பக்கம்தான் வெளியே வரும். அங்கே ஒரு கப்போர்டு சுவரை ஒட்டி நிற்கிறது: இருட்டு, காற்றில்லை, பிளைவுட்.

இதைச் சோதிக்க முதல் வேலை செலவில்லாதது. கீழே முதல் மாடி வீட்டுக்குப் போய், அவர்கள் பாத்ரூம் சீலிங்கைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதுதான் உங்கள் சங்கன் ஸ்லாபின் அடிவயிறு. அங்கே மஞ்சள் கறையோ, வெள்ளை உப்போ, சொட்டோ இருந்தால் உங்கள் தொட்டி நிறைந்திருக்கிறது. பாவம், அவர்கள் ஒருவேளை பழைய ஓனரிடம் ஏற்கெனவே இதற்காகச் சண்டை போட்டிருப்பார்கள். அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டாவது, நஹானி டிராப்பைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, பாத்ரூமில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து, 24-லிருந்து 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கலர் பொடி கலந்தால் கீழே வரும்போது அடையாளம் தெரியும். மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இறங்கவில்லை என்றால் தரை நன்றாக இருக்கிறது, சுவருக்குள் ஓடுகிற பைப் சந்தேகத்துக்கு வருகிறது. பிளம்பர் ஹேண்ட் பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் எடுப்பார். எல்லாக் குழாயையும் மூடி அழுத்தம் ஏற்றினால் முள் இறங்காமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் உள்ளே எங்கோ ஜாயிண்ட் விட்டிருக்கிறது.

மூன்றாவது, சுவரில் பிளாஸ்டிக் ஒட்டிப் பார்ப்பது. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிந்த பாலிதீனை, பூஞ்சை இல்லாத ஆனால் ஈரமாகத் தோன்றுகிற இடத்தில், நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிளாஸ்டிக்கின் உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரம் கட்டினால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன்.

நங்கநல்லூரில் ஒரு வீடு. இதே மாதிரி பெட்ரூம் சுவர், இதே மாதிரி கப்போர்டு. சுவரின் ஒரு ஓரத்துக்கு அப்பால் பாத்ரூம் இருந்ததால் யோசிக்காமல் பாத்ரூம்தான் என்று சொல்லி உடைத்துவிட்டேன். தொட்டிக்குள் ஜல்லி காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி பத்து மணிக்கு மறுபடி போய் அந்தச் சுவரில் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஃபிளாட்டின் பெட்ரூம். அங்கே தினமும் ராத்திரி ஏசி 18-ல் ஓடுகிறது. ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிற மாதிரி இந்தப் பக்கம் சுவர் வியர்த்திருக்கிறது. காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கிற நாளில், கிட்டத்தட்ட 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை விட்டுவிடும். சென்னையில் மழைக்கால நாட்கள் பலவும் ஏறக்குறைய அப்படித்தான். கசிவு இருந்தால் சுவரில் உப்பு பூத்திருக்கும். அந்த வீட்டில் உப்பே இல்லை. அதைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பாத்ரூமை என் செலவில் திருப்பிக் கட்டிக்கொடுத்தேன்.

உப்பு என்றதும் ஒன்று. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு, குழைந்து தடவினாற்போல ஆனால் பூஞ்சை. உப்பு உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் தண்ணீர் சுவர் வழியாக நடந்து வந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மீட்டர் வைத்து ஈரம் பார்ப்பவர்கள் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஊசி மீட்டர் உப்பு உள்ள சுவரில் காய்ந்த பிறகும் ஈரம் என்றே காட்டும். அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி வேலை பிடிக்கிறவர்களும் உண்டு.

உங்கள் வீட்டு ஏசியையும் பாருங்கள். உள்யூனிட்டிலிருந்து தண்ணீர் போகிற பைப்பைச் சுவருக்குள் புதைத்திருந்தால் அதற்கு வாட்டம் சரியாக இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தெரியும். ஊற்றின அளவு வெளியே வர வேண்டும். வெளிச்சுவர் என்றால், மழை பெய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கறை அடர்த்தியாகி, வெயிலில் வெளிறினால் அதுவே பதில். சன்ஷேடு சுவரோடு சேருகிற இடம், ஜன்னல் அடிக்கட்டை, பீம் ஓரப் பிளவு, மழைநீர்ப் பைப்பின் ஜாயிண்ட் என்று நாலு இடத்தைப் பார்த்தால் போதும்.

வழி தெரிந்த பிறகு அடைப்பது. பாத்ரூம்தான் என்றால் டைல்ஸ் இடுக்கைக் கீறி எபாக்ஸி நிரப்பிப் பார்ப்பது முதல் படி. நஹானி டிராப் ஓரமும் தரை இடுக்கும் மட்டும் விட்டிருந்தால் அதிலேயே நிற்கும். நிற்காவிட்டால் டைல்ஸ், ஜல்லி எல்லாவற்றையும் எடுத்து, பைப் மாற்றி, ஸ்லாபுக்கும் சுற்றுச்சுவருக்கும் வாட்டர் ப்ரூஃபிங் செய்ய வேண்டும். அப்போது ஜல்லி நிரப்புவதற்கு முன், வெறும் தொட்டியிலேயே 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரி "தேவையில்லை சார், கம்பெனி மெட்டீரியல்" என்பார். விடாதீர்கள். டைல்ஸ் ஒட்டின பிறகு கட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம்? இந்தப் பெரிய வேலை டைல்ஸ், பைப், கூலி எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிவிடும், அதனால்தான் முதலில் எபாக்ஸியைச் சொன்னேன்.

கசிவு மேல்வீட்டு பாத்ரூம் என்றால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுப்புவதற்கு முன் நேரில் போங்கள். அவர்களுக்கு அவர்கள் வீட்டில் ஒரு சொட்டு ஈரமும் தெரியாது. நீங்கள் சொல்வது வேண்டுமென்றே சொல்வது போலத்தான் படும். அவர்கள் தண்ணீர் கட்டி, உங்கள் சீலிங்கில் கலர் இறங்கின வீடியோவைக் காட்டினால் பேச்சு மாறும். வெளிச்சுவரும் மொட்டை மாடியும் பொது இடம், அதற்குச் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி. சுமார் 10 சதுர அடிக்கு உட்பட்ட பூஞ்சையை வீட்டுக்காரரே சுத்தம் செய்துகொள்ளலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற கணக்கு. உங்கள் கப்போர்டு ஆறடி அகலம், ஏழடி உயரம் என்று வைத்தால் 42 சதுர அடி. ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். பூஞ்சைக்கென்றே பழகின ஆட்கள் இங்கே கிடைப்பது குறைவு, வருகிறவர் கொத்தனாராகத்தான் இருப்பார், அதனால் நீங்கள் கூடவே நிற்க வேண்டும். அறை வாசலில் கட்டியான பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து ஓடவிடுங்கள், அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போகும். வேலை செய்பவருக்கு என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். முகத்தில் கட்டுகிற கர்ச்சீப் எதையும் தடுக்காது. சுவரைத் தெளிப்பானால் நனைத்து, நனைந்த பிறகே சுரண்ட வேண்டும். டிடர்ஜென்ட் தண்ணீர் போதும்.

பிளீச்சிங் பவுடர் கரைத்து அடிப்பது நம்மூர் வழக்கம். அடித்த உடனே கருப்பு வெளுத்துவிடும், அதனால் போய்விட்டது போலத் தோன்றும். பூச்சுக்குள் இறங்கியிருப்பது அப்படியே இருக்கும். செத்த பூஞ்சைகூட அலர்ஜி கொடுக்கும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் சேர்த்து அடித்தால் குளோரின் வாயு வரும். மூடின அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். இந்த இரண்டும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மூலையில்தான் இருக்கின்றன.

கப்போர்டின் பின்பலகை போனது போனதுதான். பிளைவுட்டிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையிலும் பூஞ்சை உள்ளே ஓடிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. பாலிதீனில் சுற்றி, வீட்டுக்குள் உரசாமல் வெளியே கொண்டுபோங்கள். கதவு, நல்ல மரச் சட்டம், இரும்பு, கண்ணாடி இதெல்லாம் துடைத்து வெயில் காட்டினால் பிழைத்துவிடும். சுவரில் பட்டியை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிற இடங்களில் பூச்சையும் கொத்திவிடச் சொல்லுங்கள், கறை நின்ற கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை. கொத்தும்போது கைகடிகார அளவில் ஒரு பூச்சுச் சில்லை உடையாமல் எடுத்து, தேதி எழுதின கவரில் போட்டு வையுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி: காயவிடுவது. எங்கள் தொழிலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு, ஊறின சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம். பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர். அந்தப் பக்கம் டைல்ஸ், அதனால் இந்தப் பக்கம் மட்டும்தான் மூச்சு விடும். ஜனவரியில் கசிவை நிறுத்தினால் மே மாதம் வரை அந்தச் சுவர் மொட்டையாகச் செங்கல் தெரிய நிற்க வேண்டும். உறவுக்காரர்கள் வந்து கேட்பார்கள். நிற்கட்டும். வெயில் நாளில் பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள். மழை நாளில் திறக்காதீர்கள், வெளி ஈரம் உள்ளே வரும். அப்போது ஜன்னலை மூடி ஏசியை டிரை மோடில் ஓட்டுவதோ காற்றின் ஈரத்தை இழுக்கிற டிஹ்யூமிடிஃபையர் மெஷினை வாடகைக்கு எடுப்பதோ நல்லது. சுவரைச் சுத்தம் செய்து முடித்த பிறகு என்பதால் இப்போது ஏசி ஓடலாம், ஃபில்டரை மட்டும் முதலில் கழுவிவிடுங்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறையில் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சைக்கு வாழ்வில்லை. மே மாதம் அதே பிளாஸ்டிக் சோதனையை மறுபடி செய்து, சுவர் பக்கம் சொட்டில்லாமல் இருந்தால் பூச்சு வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

இதற்கு முன்னாலேயே டேம்ப் ப்ரூஃப் அடித்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். உள்ளே இருக்கிற தண்ணீருக்கு நீங்கள் ஒரு கதவைச் சாத்துகிறீர்கள். அது பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளும், அல்லது ஒரு அடி மேலே ஏறி வேறு இடத்தில் தலைகாட்டும். என் சொந்த அபிப்பிராயம், அந்தச் சுவருக்கு மட்டும் கடைசியில்கூட அது வேண்டாம். சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, சுவரில் மிச்சமிருக்கிற ஈரமும் ஆவியாக வெளியே போகும். கப்போர்டுக்குப் பின்னால் எமல்ஷன் பளபளப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? நம் தாத்தாக்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீடுகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெயிண்டருக்கு மற்ற மூன்று சுவர் இருக்கிறது, அவரும் பிழைக்கட்டும்.

கப்போர்டைத் திரும்ப மாட்டும்போது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். அடியிலும் மேலேயும் காற்றுப் போக இடம் விடுங்கள். பின்பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கி, அறுத்த ஓரங்களை மூடச் சொல்லுங்கள். பிளைவுட் ஈரம் குடிப்பது பெரும்பாலும் அறுத்த ஓரத்தில்தான். கற்பூரம், நாப்தலின் உருண்டை எல்லாம் வாடையை மறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது.

விற்றவர் விஷயம். கட்டட நிறுவனத்திடம் நேராக வாங்கியிருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வழி உண்டு: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு 12 வயது, அது முடிந்துபோன கதை. மிச்சம் இருப்பது 1882-ம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ம் பிரிவு. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. இதில் சிக்கல் 'தெரிந்த' என்ற ஒரு வார்த்தையில்தான். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டால் தெரியும் என்பதை நிரூபிக்கிற வேலை உங்களுடையது. இரண்டு லட்சத்துக்குள் முடிகிற ரிப்பேருக்கு சிவில் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் நடக்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் பேசித் தீர்க்க வருகிறவர்கள் உண்டு. அதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்: கீழ்வீட்டுக்காரர் முன்பு கொடுத்த புகாரின் நகல், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பழைய செய்தி, கப்போர்டைப் பெயர்த்த அன்று எடுத்த போட்டோ.

அப்புறம் அந்தச் சில்லு. அதைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட் என்று ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை மட்டும் இருந்தால் விற்றவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பூச்சு, பழைய பெயிண்ட், அதன்மேல் ரப்பர் மாதிரி ஒரு டேம்ப் ப்ரூஃப் படலம், அதற்கு மேல் புதுப் பட்டி, புது எமல்ஷன் என்று கேக் போல அடுக்கடுக்காக இருந்தால், கப்போர்டை ஒருமுறை நகர்த்தி அந்தச் சுவருக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். வக்கீலிடம் போகும்போது கவரோடு எடுத்துப் போங்கள்.